‘தி ஐஸ் ஸ்டார்ம்’ (1997): பென் ஹூட் இரண்டு முறை பிள்ளையைத் தூக்குகிறார்

பழைய டிவிடி
இரவு 11:52

ஆங் லீயின் இந்தப் படத்தை நேற்று மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். முதல் தடவை பார்த்தபோது கல்லூரி முடித்த வயது. அப்போது மனதில் நின்றது சாவி விருந்து மட்டும்தான். புருஷன்கள் கார்ச் சாவியைக் கிண்ணத்தில் போடுவார்கள், மனைவிகள் கண்ணை மூடி ஒன்றை எடுப்பார்கள், எவன் சாவியோ அவனோடு போவார்கள். ‘அமெரிக்கா இப்படித்தான்’ என்று விடுதி அறையில் பேசிக்கொண்டோம். இப்போது நானே பென் ஹூட்டின் வயதை ஒட்டி வந்துவிட்டேன். சாவிக் காட்சி இந்தத் தடவை மனதில் தங்கவே இல்லை.

தங்கியது வேறு. பார்க்காதவர்களுக்குச் சுருக்கம் (முடிவும் இதிலேயே வந்துவிடும், பார்க்கப் போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்): 1973 நவம்பர், நன்றி நவிலல் (அமெரிக்கர்கள் குடும்பத்தோடு கூடி விருந்து சாப்பிடும் பண்டிகை) வாரம். கனெக்டிகட் மாநிலத்தில் நியூ கேனன் என்ற வசதியான ஊர். ஹூட் குடும்பம்: பென் (கெவின் க்லைன்), எலெனா (ஜோன் ஆலன்), விடுதிப் பள்ளியில் படிக்கும் பால் (டோபி மக்வயர்), 14 வயது வெண்டி (கிறிஸ்டினா ரிச்சி). பக்கத்தில் கார்வர் குடும்பம்: ஜிம், ஜேனி (சிகர்னி வீவர்), மைக்கி, சாண்டி. பென்னுக்கும் ஜேனிக்கும் தொடுப்பு. அதே கார்வர் வீட்டு நிலவறையில் வெண்டிக்கும் மைக்கிக்கும் அரைகுறை விளையாட்டு.

ஒரு மத்தியானம் ஜேனி பென்னைப் படுக்கையில் காக்கவைத்துவிட்டு காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். அவர் அந்த வீட்டில் தனியாக அலைகிறார். நிலவறைக்குப் போனால் மகள் அன்றைய அமெரிக்க அதிபர் நிக்சனின் முகமூடியோடு மைக்கி மேல். கத்துகிறார், இழுத்துக்கொண்டு வெளியே வருகிறார். காட்டுப் பாதையில் நடக்கும்போது கோபம் தானாக இறங்கிவிடுகிறது. கால் குளிருதா, தூக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்கிறார். அவள் ‘சரி’ என்கிறாள். அத்தனை வளர்ந்த பெண்ணைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நடக்கிறார்.

இரண்டாவது தூக்கல் கடைசியில். விடியற்காலை பனிக்கட்டிச் சாலையில் மைக்கி செத்துக் கிடக்கிறான். பார்ப்பது பென். அந்தப் பையனையும் அதேபோல ஏந்திக்கொண்டு அவன் வீட்டுக்குள் வருகிறார்.

இந்த ஆள் படம் நெடுக யாரையும் ஒழுங்காகத் தொடவில்லை. இரண்டே இரண்டு முறை தொடுகிறார், இரண்டும் பிள்ளைகளை. ஒருத்தி உயிரோடு, ஒருவன் உயிர் இல்லாமல். எனக்கு மொத்தப் படமும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதாகத்தான் தோன்றுகிறது. உங்களுக்கு எப்படி?

---

ரெண்டாம் ஆட்டம்
இரவு 12:20

அண்ணா, இதைக் கவனிக்கவே இல்லை. இன்னைக்கே திரும்பப் பார்க்கிறேன்.

---

ஹார்ட்ஃபோர்ட் வாசி
காலை 6:05

நான் கனெக்டிகட்டில் 11 வருடமாக இருக்கிறேன், அதனால் இதில் ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். நம்மூர் ஆட்கள் ‘ஐஸ் ஸ்டார்ம்’ என்றதும் பனிப்புயல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பஞ்சு மாதிரி கொட்டுகிற பனி வேறு. இது மழை. மேலே காற்று கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும், தரையை ஒட்டி உறைகுளிர். மழைத்துளி தண்ணீராகவே இறங்கி, எதைத் தொடுகிறதோ அதன் மேல் அந்த நொடியே உறைந்துவிடும். காலையில் கதவைத் திறந்தால் ஒவ்வொரு சுள்ளிக்கும் தனித்தனியாகக் கண்ணாடிக் குழாய் மாட்டினது போல இருக்கும். வெயில் பட்டால் கண் கூசும், அவ்வளவு அழகு.

ராத்திரி கேட்கிற சத்தம்தான் பயம். எடை தாங்காமல் கிளை முறியும். கோயிலில் சிதறு தேங்காய் உடைக்கிறது போல, இருட்டில் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் படார் படார் என்று. கூடவே மின்கம்பி அறும். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்களுக்குச் சொன்ன முதல் புத்தி, கம்பி கீழே கிடந்தால் செத்த கம்பி என்று நினைக்காதே, கிட்டப் போகாதே என்பதுதான்.

மைக்கி சாவது அப்படித்தான். சறுக்கி விளையாடிக் களைத்து, சாலையோரத் தடுப்புக் கம்பி மேல் உட்காருகிறான். அறுந்த மின்கம்பி எங்கேயோ அந்தத் தடுப்பைத் தொடுகிறது. அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை, உட்கார்ந்தான், அவ்வளவுதான். அந்த நேரத்தில் ‘வெளியே போகாதே’ என்று சொல்ல வீட்டில் ஒருத்தர் இல்லை. அம்மா அப்பா இரண்டு பேரும் விருந்தில்.

---

தென்றல்வெளி
காலை 8:40

எனக்கு உறுத்துவதே அதுதான். மன்னிக்கணும், இந்தப் படத்தை என்னால் இவ்வளவு கொண்டாட முடியவில்லை.

பெற்றவர்கள் விருந்தில் தப்பு செய்கிறார்கள், அதே ராத்திரி பிள்ளை சாகிறான். இது பழைய நீதிக்கதைதானே? நேர்த்தியாக எடுத்திருக்கிறார்கள் என்பதற்காக அது மாறிவிடுமா? அதிலும் எந்தத் தாயின் பிள்ளை சாகிறான் என்று பாருங்கள். வீட்டுக்கு வீடு தாவின பென்னின் பிள்ளைகள் இரண்டும் பத்திரம். ஜேனியின் பிள்ளை போய்விட்டான். விருந்தில் ஓர் இளைஞனின் சாவியை எடுத்துக்கொண்டு போனவள் அவள். தண்டனையும் அவளுக்கு. பென்னுக்குக் கடைசியில் அழுவதற்கு ஒரு காட்சி தருகிறார்கள். அவளுக்கு அதுகூடக் கிடையாது.

நான் 46 வயதுப் பெண். நடு வயது ஏக்கம் என்று படம் எடுத்தால் ஆணின் ஏக்கம் சோகமாகவும் பெண்ணின் ஏக்கம் குற்றமாகவும் வருவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

---

பழைய டிவிடி
காலை 9:15

தென்றல்வெளி, ஜேனியைப் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்க எனக்குச் சட்டென்று வார்த்தை வரவில்லை. ஆனால் ‘அதுகூடக் கிடையாது’ என்பது சரிதானா என்று யோசிக்கிறேன். விடிகாலையில் அவள் வீட்டுக்கு வந்து, விருந்துக்குப் போட்ட உடுப்பைக்கூடக் கழற்றாமல் அந்தத் தண்ணீர் மெத்தையில் முழங்காலை மடக்கிக் கருவில் இருக்கும் சிசு போலச் சுருண்டு கிடக்கிறாள். மகன் செத்தது அவளுக்கு அப்போது தெரியாது. கேமரா அவளைத் திட்டவில்லை. எனக்கு அந்த இடத்தில் அவள்மேல் பரிவுதான் வந்தது.

சிகர்னி வீவருக்கு இந்தப் பாத்திரத்துக்காகத்தான் பாஃப்டா (பிரிட்டிஷ் திரைப்பட விருது) துணை நடிகை விருது கிடைத்தது. ஆஸ்கர் பக்கம் ஒரு பரிந்துரைகூட இல்லை, ஒட்டுமொத்தப் படத்துக்கும். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

---

தென்றல்வெளி
காலை 9:50

பரிவு உங்களுக்கு வந்தது, சரி. படம் அவளுக்கு எதைக் கொடுத்தது? பென் படுக்கையில் ஆபீஸ்காரனோடு கோல்ஃப் ஆடினதைப் பற்றிப் புலம்பும்போது, எனக்கு ஏற்கெனவே ஒரு புருஷன் இருக்கிறான், இன்னொருத்தன் வேண்டாம் என்கிற மாதிரி வெட்டுகிறாள். படத்திலேயே அசல் வாய் அவளுக்குத்தான். அவளுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை, இயக்குநரும் கேட்கவில்லை.

எலெனாவுக்கு அது கிடைத்தது என்று ஒப்புக்கொள்கிறேன். மகள் சைக்கிளில் போவதைத் தூரத்திலிருந்து பார்க்கிறாள் இல்லையா, பிறகு தானே ஒரு சைக்கிளை எடுத்து மிதிக்கிறாள். காற்று முகத்தில் படுகிறது, லேசாகச் சிரிக்கிறாள். ஜோன் ஆலன் இந்தப் படத்தில் சிரிப்பது அபூர்வம். அப்படியே மருந்துக்கடைக்குள் போய் உதட்டுச்சாயம் எடுத்துப் பைக்குள் போட்டு மாட்டிக்கொள்கிறாள். மகள் செய்ததையே அம்மாவும் செய்கிறாள். திருட்டு என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. 14 வயதில் விட்ட ஏதோ ஒன்றைத் தேடிப் போகிறாள். அந்த ஐந்து நிமிடத்துக்காக மட்டும் இந்தப் படத்தை நான் மன்னிப்பேன்.

---

சுவரும் ஜன்னலும்
காலை 11:30

நான் கட்டட வடிவமைப்புத் துறை. ஊரைப் பற்றிக் கொஞ்சம்.

நியூ கேனன் சும்மா ஏதோ ஒரு புறநகர் இல்லை. நமக்குப் புறநகர் என்றால் மின்சார ரயில், தண்ணீர் லாரி, நகரத்துக்குள் வாடகை கட்டுப்படாதவர்கள் போகும் இடம். அங்கே அது நேர் தலைகீழ், காசு சேர்ந்தவர்கள் நகரத்தை விட்டு விலகிப் போகும் இடம். நியூயார்க்கிலிருந்து ரயிலில் வந்துபோகும் தூரம். 1940-களின் கடைசியிலிருந்து மார்செல் ப்ராயர், எலியட் நாய்ஸ், ஃபிலிப் ஜான்சன் போன்ற நவீன கட்டடக் கலைஞர்கள் அங்கே குடியேறி வீடுகள் கட்டினார்கள். ஜான்சன் 1949-ல் தனக்காகக் கட்டிக்கொண்ட கண்ணாடி வீடு அந்த ஊரில்தான் இருக்கிறது, நாலு பக்கமும் கண்ணாடி.

கார்வர் வீட்டைப் பாருங்கள், அந்த வம்சம்தான். மரமும் பெரிய பெரிய கண்ணாடியும். உள்ளே இருப்பவர் வெளியே தெரிவார், வெளிக்காடு உள்ளே தெரியும். ஒளிவுமறைவு இல்லாத வாழ்க்கை என்ற நம்பிக்கையில் கட்டிய வீடுகள் இவை. அதே வீட்டுக்குள் யார் எந்த அறையில் என்ன செய்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஃப்ரெடரிக் எல்ம்ஸின் ஒளிப்பதிவில் ஆட்கள் அடிக்கடி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள். கண்ணாடியால் கட்டிய ஊர்மேல் கடைசியில் வானமே கண்ணாடி பூசிவிடுகிறது. ஹார்ட்ஃபோர்ட் வாசி சார் எழுதின கண்ணாடிக் குழாய் வரியைப் படித்ததும் இதுதான் ஞாபகம் வந்தது.

---

ரெண்டாம் ஆட்டம்
மாலை 4:10

பார்த்துட்டேன். அண்ணா, மைக்கி வகுப்பில் பேசுற பேச்சு! ஒரு வாசனை மூக்குக்கு வருதுன்னா அந்தப் பொருளோட மூலக்கூறே நமக்குள்ள வருது, கெட்ட வாசனை பிடிச்சா அதைச் சாப்பிட்ட மாதிரின்னு சொல்றான். கடைசியில் வெளியே கிளம்பும்போது, குளிரில் எல்லாம் உறைஞ்சு நின்னுடும், காத்து சுத்தமா இருக்கும்னு தம்பிகிட்ட சொல்லிட்டுப் போறான். அதாவது மத்தவங்க அழுக்கு தனக்குள்ள வராத ஒரு ராத்திரி அவனுக்கு வேணும். வீட்டில் என்ன நடக்குதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. தண்ணியில்லாத நீச்சல் குளத்து மேல் இருக்கிற பலகையில் ஏறிக் குதிச்சுக் குதிச்சு ஆடுறான், எனக்கு அங்கேயே நெஞ்சு பக்குன்னு ஆயிடுச்சு. அப்போ ஒண்ணும் ஆகல. ஆனது வேற இடத்தில்.

---

திரைக்குப் பின்
மாலை 6:25

தண்டனைக் கதையா என்ற கேள்விக்கு என் பதில்: இல்லை. காரணம் இயக்குநரின் முந்தைய படங்கள்.

ஆங் லீ தைவான்காரர், அப்பா பள்ளித் தலைமையாசிரியர். இதற்கு முன் அவர் சீன மொழியில் எடுத்த மூன்று படங்களும் அப்பாக்களைப் பற்றியவை, மூன்றிலும் அப்பாவாக நடித்தவர் ஒருவரே, சிஹுங் லுங். மூன்றாவதில் அந்த அப்பா நாக்கில் ருசி போன சமையல்காரர். மகள்களிடம் பேச வார்த்தை கிடையாது, ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் மேசை நிறையச் சமைத்துப் போடுவார். சடங்கு இருக்கிறது, அதற்குள் அன்பு ஒளிந்திருக்கிறது.

அங்கிருந்து நேராக ஹூட் வீட்டு வான்கோழி விருந்துக்கு வாருங்கள். பென் வெண்டியைப் பிரார்த்தனை சொல்லச் சொல்கிறார். அவள் செவ்விந்தியர்களைக் கொன்று நிலத்தைப் பிடுங்கியதற்கும், ஆசியப் பிள்ளைகள்மேல் நேபாம் என்ற தீக்குண்டு போட்டதற்கும் நன்றி சொல்ல ஆரம்பிக்கிறாள். இங்கேயும் சடங்கு இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை, அது அந்தச் சின்னப் பெண்ணுக்குத் தெரிகிறது. அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது தொலைக்காட்சி. தான் மோசடிக்காரன் இல்லை என்று வாட்டர்கேட் ஊழலில் சிக்கிய நிக்சன் நாட்டைப் பார்த்துச் சொன்னது 1973 நவம்பர் 17. அந்த ஆண்டு நன்றி நவிலல் நவம்பர் 22. நடுவில் ஐந்தே நாள். நாட்டின் அப்பாவே பொய் சொல்லி மாட்டிக்கொண்டிருக்கும் வாரம் அது. கலிஃபோர்னியாவில் குற்றம் நிரூபிக்காமலே விவாகரத்து பெறும் சட்டம் 1970-ல் அமலுக்கு வந்து, மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்த காலம். பழைய கட்டு அவிழ்ந்துவிட்டது, அதன் இடத்தில் எதை வைப்பது என்று இந்தப் பெரியவர்களுக்குத் தெரியவில்லை. அந்தத் தெரியாமையைத்தான் லீ பார்க்கிறார். தண்டிக்க வந்தவர் அவ்வளவு பொறுமையாகப் பார்க்க மாட்டார்.

இசையையும் கேளுங்கள். மைக்கேல் டான்னா இந்தோனேசியாவின் கேமலான் உலோக வாத்தியங்களைப் பயன்படுத்தியிருக்கிறார். கனெக்டிகட் வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வயலின் போட்டு ‘இங்கே அழு’ என்று சொல்லாத இசை. தூரத்தில் பனிக்கட்டியை யாரோ மெல்லத் தட்டுவது போல இருக்கிறது.

---

தென்றல்வெளி
மாலை 7:00

பொறுமையாகப் பார்த்தார் என்பதை ஏற்கிறேன். பொறுமையாகப் பார்த்தும் ஒரு பக்கம்தான் பார்த்தார் என்பது என் குறை. அது அப்படியே இருக்கட்டும்.

---

மாடி வீட்டு ஏரியல்
இரவு 8:15

‘அமெரிக்கன் பியூட்டி’ இதைவிடப் பல மடங்கு மேல். 1999, ஐந்து ஆஸ்கர். அதுவும் புறநகர் வீடு, நடு வயது ஆண், கசந்துபோன மனைவி, முகம் திருப்பும் மகள். பார்க்கவும் விறுவிறுப்பாக இருக்கும். இந்தப் படம் ஏன் ஓடவில்லை என்று ஐந்தாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது.

---

பழைய டிவிடி
இரவு 9:05

ஓடவில்லை என்பது உண்மை. 1 கோடியே 80 லட்சம் டாலர் செலவு, அமெரிக்காவில் வசூல் பாதிகூட வரவில்லை. கான் திரைப்பட விழாவில் ஜேம்ஸ் ஷேமஸுக்குச் சிறந்த திரைக்கதை விருது கிடைத்தது, நான் சொன்ன பாஃப்டாவும் கிடைத்தது. ரிக் மூடி 1994-ல் எழுதிய நாவலிலிருந்து எடுத்த திரைக்கதை அது.

‘அமெரிக்கன் பியூட்டி’ எனக்கும் ஒரு காலத்தில் பிடித்த படம்தான், கான்ராட் ஹாலின் ஒளிப்பதிவு இன்னும் பிடிக்கும். ஆனால் அது முழுக்க அதன் நாயகன் லெஸ்டர் பக்கம் நிற்கிறது. செத்த பிறகும் அவர் குரல்தான் நமக்கு அர்த்தம் சொல்லித் தருகிறது. வேலையை விட்டது, கார் வாங்கியது, மகளின் தோழிமேல் ஆசைப்பட்டது எல்லாம் ஒருவகை விடுதலையாக வருகிறது. மனைவி கேலிக்குரியவளாகிவிடுகிறாள். தென்றல்வெளி சொன்ன குறை அந்தப் படத்துக்குத்தான் அப்படியே பொருந்தும். பென் ஹூட்டுக்கு எந்த விடுதலையும் கிடைக்கவில்லை. சாவி விருந்தில் ஜேனி வேறொருவன் சாவியை எடுத்ததும் எழுந்திருக்கப் பார்த்துத் தடுமாறி விழுகிறார், பிறகு குளியலறைத் தரையில் கிடக்கிறார். அவ்வளவுதான் அவருடைய கலகம்.

---

ஹார்ட்ஃபோர்ட் வாசி
இரவு 10:30

காலையில் எழுதாமல் விட்ட ஒன்று. எழுதலாமா வேண்டாமா என்று பகல் முழுக்க யோசித்தேன்.

ஜிம் கார்வர் வெளியூர் வேலையிலிருந்து வீட்டுக்கு வருவார். பிள்ளைகள் அறை வாசலில் நின்று, வந்துட்டேன் என்பார் உற்சாகமாக. மைக்கி தலையைத் திருப்பி, நீங்க போயிருந்தீங்களா என்று கேட்பான். திமிர் இல்லை அந்தக் கேள்வியில். நிஜமாகவே அவனுக்குத் தெரியாது. ஜிம்மாக நடித்த ஜேமி ஷெரிடன் முகத்தில் அப்போது பெரிதாக ஒன்றும் நடக்காது, சிரிப்பு மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கும்.

எனக்கு ஆலோசகர் வேலை. ஆறு வருடம், திங்கள் விடிகாலை விமானம், வியாழன் ராத்திரி திரும்பல். பெண் தூங்கியிருப்பாள். ஒரு வியாழன் சீக்கிரமே வந்துவிட்டேன், சாயங்காலம் ஐந்து மணி. அவள் சமையலறை மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, ‘அப்பா, இன்னைக்கு யாருக்கு உடம்பு சரியில்லை?’ என்று கேட்டாள். பகலில் நான் வீட்டில் இருந்தால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அவளாக ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். பென்சில் கையில் அப்படியே நின்றது, நான் பதில் சொல்லும்வரை காத்திருந்தாள். அவளுக்கு அப்போது எட்டு வயது.

இந்தப் படத்தில் வரும் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஜிம் பிள்ளைகளை அடிக்கவில்லை, குடித்துவிட்டுக் கத்தவில்லை. அவர் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

---

ரெண்டாம் ஆட்டம்
இரவு 10:48

சார்.

---

தென்றல்வெளி
இரவு 11:10

ஹார்ட்ஃபோர்ட் வாசி, இதை எழுதியதற்கு நன்றி. பெண் இப்போது எப்படி இருக்கிறாள்?

---

ஹார்ட்ஃபோர்ட் வாசி
இரவு 11:25

13 வயது. வேலையை மாற்றிக்கொண்டு நாலு வருடம் ஆகிறது. பேசுகிறாள், நிறையவே. எங்களோடு படம் பார்க்க உட்கார மாட்டாள், அது அந்த வயது.

---

திரைக்குப் பின்
மறுநாள் காலை 7:40

பழைய டிவிடி தொடங்கிய இடத்துக்கே வருகிறேன். இரண்டு தூக்கல் என்றீர்கள். மூன்றாவது ஒன்று உண்டு, தூக்கல் இல்லாவிட்டாலும்.

படம் ஆரம்பிப்பதே பென்னின் மகன் பாலிடமிருந்துதான். ராத்திரி முழுக்க இருட்டில் நின்றுபோன ரயில். கம்பியில் பனிக்கட்டி ஏறி மின்சாரம் போய்விட்டது. அவன் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ காமிக்ஸின் 141-ஆம் இதழ் படித்துக்கொண்டிருக்கிறான். அந்தக் கதையில் அப்பா தன் மகன்மேலேயே ஆயுதத்தைத் திருப்ப வேண்டி வருகிறது. பலம் கூடக்கூட ஒருவரை ஒருவர் அறியாமலே காயப்படுத்துவார்கள், குடும்பம் மாதிரி, என்று பால் நினைக்கிறான். பிறகு விளக்கு எரிகிறது, ரயில் நகர்கிறது. அதே புயல் ஒரு பையனை ரயில் பெட்டிக்குள் பத்திரமாக உட்காரவைத்தது, இன்னொருவனைச் சாலையோரத்தில் எடுத்துக்கொண்டது.

நடைமேடையில் அப்பா, அம்மா, தங்கை மூன்று பேரும் சேர்ந்து நிற்கிறார்கள். அவன் கொஞ்சம் ஆச்சரியப்படுகிறான். காரில் ஏறுகிறார்கள். பென் சாவியில் கை வைத்தபடி திரும்பி மகனைப் பார்க்கிறார், உடைந்து அழுகிறார். பாலுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏன் என்றால் அவனுக்கு மைக்கி செத்தது தெரியாது, யாரும் இன்னும் சொல்லவில்லை. படம் அங்கே முடிகிறது.

---

பழைய டிவிடி
மறுநாள் காலை 8:15

மூன்று தடவை பார்த்தும் இது எனக்குப் படவில்லை. அவன் முகத்தில் இருப்பது துக்கம் என்றே நினைத்திருந்தேன். அவன் இன்னும் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த பையன்தான். அந்தக் காரில் இருக்கும் நாலு பேரில் அவன் ஒருவனுக்கு மட்டும் அது நேற்றைய உலகம்.

அப்படியானால் பென் அழுவது மைக்கிக்காக மட்டும் இல்லை. இதைச் சொல்ல வேண்டியது அவர்தான், இவனுக்கு முன்னால் அவர் வாயைத் திறந்ததெல்லாம் குளிக்கும்போது தண்ணீரை வீணாக்காதே என்கிற ரக அறிவுரைக்குத்தான். இன்று ராத்திரி அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தை மட்டும் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்.

---

தென்றல்வெளி
மறுநாள் காலை 8:32

பார்க்கும்போது எலெனாவையும் பாருங்கள். அவள் பக்கத்து இருக்கையில்தான் இருக்கிறாள்.